ஒரு கையெழுத்துக்கு ஓட்டா?

(இடம்: சேலம், அஸ்தம்பட்டி. தலைப்பு: வேட்பாளரை ஆதரிக்க ஒரே கோரிக்கை போதுமா, போதாதா? ‘போதாது’ அணியின் இரண்டாவது பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன்னால் சுடச்சுடப் பேசி அமர்ந்திருக்கிற எதிரணி அண்ணன் அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, சமையலை முடித்தும் முடிக்காமலும் ஓடி வந்திருக்கிற தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். (கைதட்டல்)

சுடச்சுட என்று நான் சும்மா சொல்லவில்லை ஐயா. அண்ணன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டுதான் மேடைக்கே வந்தார். (சிரிப்பு) “ஆயிரம் வாக்குறுதி கொடுக்கிறவனை நம்பாதே. ஒன்றே ஒன்றை எழுதி வாங்கு. விவசாயிக்குப் பயிரைக் காப்பாற்றத் துப்பாக்கி லைசென்ஸ் வேணும், அதுக்கு யாரு கையெழுத்துப் போடறானோ அவனுக்கு ஓட்டு. முடிஞ்சுபோச்சு கதை” என்றார். கைதட்டல் பலமாத்தான் இருந்தது. எங்க பெரியப்பாவும் தட்டினாரு. முன்வரிசையில உட்கார்ந்திருக்காரு, பச்சைத் துண்டு. நான் பேச வர்றேன்னு பஸ் ஏறி வந்துட்டு, எதிரணிக்குக் கை தட்டிட்டு இருக்காரு! (பலத்த சிரிப்பு)

நடுவர்: சொந்தக்காரங்களை நம்பித்தான் மேடை ஏறினீங்களாம்மா?

இல்லைங்கய்யா, உங்களை நம்பித்தான் ஏறினேன்.

அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனக்குப் பிறந்த ஊர் ஆத்தூருக்கு அந்தப் பக்கம், கல்ராயன் மலை அடிவாரம். எங்க பக்கம் மானாவாரி நிலத்துக்கே காடுன்னுதான் பேரு. “காட்டுக்குப் போறேன்”னா வயலுக்குப் போறேன்னு அர்த்தம். இதைப் பன்னியும் கேட்டிருக்கும் போல. ‘நீங்களே காடுன்னுதானே சொல்றீங்க, அப்ப அது எனக்கும்தானே’ன்னு குடும்பத்தோட இறங்கிடுது. (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனா பத்து மாசம் வளர்த்த குச்சிக்கிழங்கை, சவ்வரிசி ஆலைக்கு ஏத்தலாம்னு நாள் பார்த்திருந்த கிழங்கை, ஒரே ராத்திரியில கொம்பு போட்டு உழுத மாதிரி புரட்டிப் போட்டுட்டுப் போயிருக்கும். காலையில போய் நின்னு பார்த்தவனுக்குத்தான் அந்த வயித்தெரிச்சல் தெரியும். தின்ன கிழங்கு கொஞ்சம், மிதிச்ச கிழங்கு மீதி.

என்னதான் செய்யலை? தகரம் தட்டினோம். ரேடியோவை ராத்திரி பூரா பாட விட்டோம். சலூன்ல முடி வாங்கிட்டு வந்து வரப்புல தூவினோம். பழைய சேலையைச் சுத்திக் கட்டினா ஆள் நிக்கிற மாதிரி இருக்கும்னாங்க, கட்டினோம். எங்க பெரியம்மாவுக்குப் பீரோவுல சேலை கிடையாது, எல்லாம் காட்டுலதான் இருக்கு. விசேஷத்துக்குக் கிளம்பும்போது, “இருங்க, கிழக்கு வேலியில ஒரு நல்ல சேலை இருக்கு”ன்னு போவாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

ஆகவே துப்பாக்கி கேட்கிற விவசாயியை நான் கேலி செய்யவில்லை. அந்தக் கேள்வி நம்ம நாட்டுக்குப் புதுசும் இல்லை. வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இந்தியன் துப்பாக்கி வைக்கணும்னா லைசென்ஸ் வேணும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். அந்த அவமானம் மனசுல இருந்ததாலதான் 1931 கராச்சி காங்கிரசில், சட்டதிட்டங்களுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வது குடிமகன் உரிமை என்று தீர்மானத்திலேயே எழுதினார்கள். சுதந்திரம் வந்த பிறகு, 1948-ல், அரசியல் நிர்ணய சபையில் காமத் என்கிற உறுப்பினர் அதை அடிப்படை உரிமையாகச் சேர்க்கச் சொன்னார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அதனால் இன்றைக்கு நம் நாட்டில் துப்பாக்கி என்பது உரிமை அல்ல, அனுமதி. ஆனால் 1959 ஆயுதச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டித்துச் சுடுகிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. பயிர் என்கிற வார்த்தை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது ஐயா.

சரி, அப்புறம் என்ன தகராறு? அங்கேதான் என் பெரியப்பா கதை வருது.

2021 சட்டமன்றத் தேர்தல். எங்க ஊர் விவசாயிங்க கோயில் திடல்ல கூட்டம் போட்டாங்க. சாதி பார்க்கக் கூடாது, கட்சி பார்க்கக் கூடாது, காசு வாங்கக் கூடாது. கேட்கவே எவ்வளவு நல்லா இருக்கு! பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கித் தருவேன்னு எவன் கையெழுத்துப் போடறானோ, ஊரே அவனுக்கு ஓட்டு. பெரியப்பா ஒரு முழு வெள்ளைத் தாள்ல எழுதி, நாலு பிரதி எடுத்து, மஞ்சப்பையில வச்சுக்கிட்டுக் கிளம்பினாரு.

முதல் வேட்பாளர் ஜீப்புல வந்தாரு. படிச்சுக்கூடப் பார்க்கலை, கையெழுத்துப் போட்டாரு. ரெண்டாவது ஆள், “இவ்வளவுதானா?”ன்னு கேட்டுப் போட்டாரு. மூணாவது ஆள், “துப்பாக்கி என்ன, பீரங்கியே வாங்கித் தர்றேன்”னு போட்டாரு. (பலத்த சிரிப்பு) நாலாவது ஆளு, அவரும் போட்டாரு. பெரியப்பா நாலு தாளையும் திண்ணையில பரப்பி வச்சுக்கிட்டு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருந்தாரு. நாலும் ஒரே வாசகம், நாலும் ஒரே மாதிரி கையெழுத்து. யாருக்குப் போடறது?

ஒரு கேள்வி மட்டும் கேட்டால், அந்த ஒன்றுக்கு மட்டும் பதில் தயார் பண்ணிக்கொண்டு வந்துவிடுவான் ஐயா. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். பரீட்சையில் ஒரே கேள்விதான் வரும், அதுவும் இன்னதுதான் வரும் என்று முதல் நாளே சொல்லிவிட்டால், என் வகுப்பில் எல்லாருமே நூத்துக்கு நூறுதான்.

சரி, கையெழுத்துப் போட்டாரே, அவரால் முடியுமா? லைசென்ஸ் கொடுக்கிற அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கு, நகரம் என்றால் போலீஸ் கமிஷனருக்கு. சட்டம் மத்திய அரசுச் சட்டம். அப்படியே துப்பாக்கி வந்துவிட்டாலும் பன்றியைச் சுடலாமா? அதற்கு வேறு சட்டம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியைச் சுட முதன்மை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் அனுமதிக்க வேண்டும். அதுவும் இல்லாமல் சுட்டால் பன்றி காட்டுக்குப் போகும், பெரியப்பா ஜெயிலுக்குப் போவார். (சிரிப்பு) சட்டமன்ற உறுப்பினருக்கு இதில் எங்கே பேனா இருக்கிறது? சபையில் எழுந்து பேசலாம், வற்புறுத்தலாம். கேரளத்தில் அப்படிப் பேசிப் பேசித்தான் 2022-ல் ஊராட்சித் தலைவர்களுக்கே அனுமதி கொடுக்கிற அதிகாரம் வந்தது. அங்கேயும் ஆளாளுக்குத் துப்பாக்கி கொடுக்கவில்லை, ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களைக் கூப்பிட்டுச் சுடச் சொல்கிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டசபையில் அறிவித்தார்கள்: காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வந்தால் சுடக் கூடாது, 1-லிருந்து 3 வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3-க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். எங்க காடு மலைக்கு ஒட்டினாப்பல இருக்கு. பன்னி எங்க கிழங்கைத் தின்னுட்டு, ஏப்பம் விட்டுட்டு, 3 கிலோமீட்டர் நடந்து போய் நின்னாத்தான் சுட முடியும்! (சிரிப்பு) இதையெல்லாம் அந்த ஒரு தாளில் எங்கே கேட்டோம்?

இன்னொரு வேடிக்கை. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். பேங்க் காவலாளி மாதிரி சிலருக்குத்தான் விலக்கு. ரிசல்ட் வந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். துப்பாக்கிக்காக ஓட்டுப் போடுங்கள் என்கிறார் அண்ணன். ஓட்டுப் போடுகிற அன்றைக்கு அந்தத் துப்பாக்கி ஸ்டேஷன் பீரோவில் இருக்கும். (கைதட்டல்)

நடுவர்: அம்மா, அவர் அமெரிக்காவைச் சொன்னாரே, அதுக்கு என்ன பதில்?

வர்றேங்கய்யா. “அமெரிக்காவைப் பாருங்க, அங்கே துப்பாக்கிச் சங்கம் ஒரே விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு அரசியலையே ஆட்டி வைக்குது” என்றார். உண்மை. தேசிய ரைஃபிள் சங்கம், 1871-ல் ஆரம்பித்தது. சிப்பாய்களுக்குக் குறி தவறுகிறது, அதைச் சரிசெய்யணும்னு ஆரம்பிச்ச சங்கம். 1970-களுக்குப் பிறகு அரசியலில் தீவிரமா இறங்கினார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, ‘ஏ’-யிலிருந்து ‘எஃப்’ வரைக்கும் மார்க் போடுவார்கள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கு. சபையில் ஓட்டுப் போட்டதைப் பார்த்துக் கொடுக்கிற மார்க் வேறு, கேள்வித்தாள் பதிலை மட்டும் பார்த்துக் கொடுக்கிற மார்க் வேறு. ரெண்டாவதுக்கு ஒரு தனி எழுத்துச் சேர்த்து அடையாளம் போட்டுவிடுவார்கள். வாயால் சொன்னதும் கையால் செய்ததும் ஒன்றல்ல என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. பெரியப்பா வாங்கின நாலு தாளும் அந்த ரெண்டாவது ரகம்தான்.

அந்தச் சங்கம் முதன்முதலாக ஒரு ஜனாதிபதி வேட்பாளரை ஆதரித்தது 1980-ல். ரீகனை. இதே ரீகன் 1967-ல் கலிஃபோர்னியாவில் கவர்னராக இருந்தபோது, குண்டு போட்ட துப்பாக்கியோடு பொது இடத்தில் நடமாடக் கூடாது என்று சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர். ஜெயித்து வந்து ரெண்டு மாதம் ஆகியிருக்கும், 1981 மார்ச் 30, ஒருவன் ரீகனையே சுட்டுவிட்டான். ரீகன் பிழைத்தார். கூட இருந்த பத்திரிகைச் செயலாளர் பிரேடிக்குத் தலையில் குண்டு, காலமெல்லாம் சக்கர நாற்காலி. துப்பாக்கி வாங்க வருகிறவன் யார், என்ன என்று விசாரித்து விற்க வேண்டும் என்று பிரேடி பெயரிலேயே ஒரு மசோதா வந்தது. 1991-ல் அதை ஆதரித்து எழுதினார் ரீகன். சங்கம் எதிர்த்த மசோதா அது. 1993-ல் சட்டமாகிவிட்டது. ஆக, சங்கத்துக்கு முன்னாலும் ஒரு ரீகன் இருந்தார், பின்னாலும் ஒரு ரீகன் இருந்தார். அவர்கள் மார்க் போட்டது நடுவில் இருந்த ரீகனுக்கு மட்டும். (கைதட்டல்)

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லணும், இது சிரிக்கிற விஷயம் இல்லை. 2012 டிசம்பர், நியூடவுன் என்கிற ஊர், சாண்டி ஹூக் பள்ளிக்கூடம். 20 குழந்தைகள், ஆறு ஏழு வயசு. கூட 6 பெரியவர்கள். நான் ஒண்ணாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவள் ஐயா. அந்த வயசுப் பிள்ளைங்க பையை எப்படி மாட்டிக்கிட்டு வரும்னு எனக்குத் தெரியும். நாலு மாதம் கழித்து, 2013 ஏப்ரலில், வாங்குகிறவனை இன்னும் கொஞ்சம் விசாரித்து விற்போம் என்று செனட் சபையில் ஒரு தீர்மானம். நூறு பேரில் 54 பேர் ஆதரவு. அங்கே தடையைத் தாண்ட 60 வேணும். விழுந்துவிட்டது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மனப்பூர்வமாக அதை நம்பினவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் அடுத்த தேர்தலில் மார்க் குறைந்துவிடுமே என்கிற பயம் ஒரு சபையில் உட்கார்ந்துகொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரே கோரிக்கை ஓட்டு பலிக்காது என்று நான் வாதாடவில்லை அண்ணா. பலிக்கிறது. அதனால்தான் பயப்படுகிறேன்.

அந்தப் பக்கம் எதிர்ப்பு இல்லாமலும் இல்லை. 2011-ல் தலையில் சுடப்பட்ட எம்.பி. கிஃபர்ட்ஸ் அம்மா, தானே துப்பாக்கி வைத்திருந்தவர், எதிர்த்திசையில் ஒரு அமைப்புத் தொடங்கி அவர்களும் வேட்பாளர்களை ஆதரிக்கிறார்கள். இரண்டு பக்கமும் மார்க். நடுவில் ரோடு, தண்ணி, ஆஸ்பத்திரி எல்லாம் பெஞ்சு மேல நிக்குது.

நம்ம நாட்டுலயே குடகைப் பாருங்க, மைசூரைத் தாண்டினால் குடகு. அங்கே குடவர்களுக்கு 1963-லிருந்து மத்திய அரசு லைசென்சிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறது, 2019-ல் நீட்டித்து 2029 வரைக்கும். அங்கே துப்பாக்கியை வைத்துக் கும்பிடுகிற திருவிழாவே இருக்கு. நாம ஆயுத பூஜைக்கு ஸ்க்ரூடிரைவருக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு வைக்கிறோம். (சிரிப்பு)

அப்புறம் நம்ம மொடக்குறிச்சி. 1996-ல் விவசாயிகள் தங்கள் குறையை உலகத்துக்குக் காட்ட 1,033 பேர் ஒரே தொகுதியில் நின்றார்கள். ஓட்டுச் சீட்டு புத்தகமாக அச்சாச்சு. நாடே திரும்பிப் பார்த்தது. அது பெரிய காரியம், நான் மறுக்கவில்லை. ஜெயித்தது கட்சி வேட்பாளர்தான். விவசாயிக்கு என்ன கிடைத்தது? சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை அந்த வருஷமே 5,000 ஆக்கிவிட்டார்கள்! (சிரிப்பு)

ஐயா மணி அடிக்கப் போறாரு, இன்னும் ரெண்டே நிமிஷம்.

அந்தக் கோயில் திடல் கூட்டத்தில் பின்னால ஒரு அக்கா உட்கார்ந்திருந்துச்சு. அதோட வீட்டுக்காரர் இறந்து மூணு வருஷம். பன்னிக்குன்னு யாரோ காட்டைச் சுத்திக் கரண்டுக் கம்பி வச்சிருந்தாங்க. விடிகாலையில மாட்டுக்குத் தட்டு அறுக்கப் போனவரு, அதுல கால் வச்சிட்டாரு. கம்பி வச்சவரும் அந்தக் கூட்டத்துலதான் இருந்தாரு, அவருக்கும் கிழங்குதான் போச்சு, அவரு கெட்டவர் இல்லை. எல்லாரும் பேசி முடிச்ச பிறகு அந்த அக்கா எந்திரிச்சு, “துப்பாக்கி கேக்கறீங்க, சரி. ராத்திரியில பன்னி எது, மனுசன் எதுன்னு அந்தத் துப்பாக்கிக்குத் தெரியுமாங்க? கம்பி வைக்கமாட்டோம்னு நாம யாருகிட்ட எழுதிக் குடுக்கறது?”ன்னு கேட்டுச்சு. யாரும் பதில் சொல்லலை. “அதை அப்புறம் பார்த்துக்கலாம் கண்ணு, இப்ப ஒரு கோரிக்கைதான்”னு உட்கார வச்சிட்டாங்க. அந்தத் தாளில் அந்த அக்காவுக்கு ஒரு வரி இல்லை ஐயா.

(அரங்கில் அமைதி)

இந்த மண்டபத்துக்குப் பக்கத்துலதான் மத்தியச் சிறை இருக்கு. 1950 பிப்ரவரி 11-ல் அந்தச் சுவருக்குள்ளே 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அஸ்தம்பட்டியில் துப்பாக்கி என்கிற வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாத்தான் சொல்லணும் அண்ணா.

மீதிக் கதையைச் சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். அஞ்சாவதா ஒரு சுயேச்சை நின்னாரு. பெரியப்பா அவருகிட்டயும் தாளை நீட்டினாரு. அந்த மனுஷன் முழுசாப் படிச்சுப் பார்த்துட்டு, “இது என் கையில இல்லைங்க, போடமாட்டேன். பயிர் போனதுக்கு நஷ்டஈட்டு மனு எழுதணும்னா வாங்க, எழுதித் தர்றேன்”னாரு. பெரியப்பாவுக்குக் கோபம். “ஒரு கையெழுத்துக்கு வக்கில்லை, இவனெல்லாம் எலெக்‌ஷன்ல நிக்கிறான்”னு தாளைப் பிடுங்கிட்டு வந்துட்டாரு. ஊர்ல அவருக்கு விழுந்தது ஒன்பது ஓட்டு.

ஜெயிச்சவரு அதுக்கப்புறம் எங்க ஊர்ப் பக்கம் ரெண்டு தடவை வந்தாரு, ரெண்டும் காதுகுத்துக்கு. போன ஐப்பசியில மக்காச்சோளத்தைப் பன்னி புரட்டிடுச்சு. பெரியப்பா போட்டோ எடுத்துக்கிட்டு, சிட்டா அடங்கலைக் கையில வச்சுக்கிட்டு, ரேஞ்சர் ஆபீசுக்குப் போனாரு. கூட யாரு போனாங்கன்னு நீங்களே கேளுங்க, முன்வரிசையிலதான் இருக்காரு.

நடுவர்: பெரியவரே, யாருங்க கூட வந்தது?

(முன்வரிசையில் இருந்தவர் எழுந்து, “அந்தச் சுயேச்சைப் பையன்தாங்க” என்கிறார். பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)